முன்வினையும் மெட்ஃபோர்மினும்

இலங்கை மலையகத்தின் டயகம தேயிலைத் தோட்ட லயத்தில் ஒருவருக்குச் சீனி வருத்தம் என்று தெரிந்தால் இரண்டு தீர்ப்புகள் வரும். கோயிலடியில் "எல்லாம் முன்வினை" என்பார்கள். கிளினிக்கில் "வாயைக் கட்டவில்லை" என்பார்கள். கொஞ்சம் யோசித்தால் இரண்டும் ஒரே தீர்ப்புத்தான்: செய்தவன் அனுபவிக்கிறான்.

சைவத்துக்கு இது பழைய வழக்கு. ஏழாம் நூற்றாண்டில், இன்றைய திருச்செங்கோட்டில், சம்பந்தருடன் வந்த அடியார்களைக் குளிர்சுரம் பிடித்தது என்கிறது பெரியபுராணம். அப்போது அவர் பாடிய திருநீலகண்டப் பதிகம் வினையை மறுக்கவில்லை. வினை என்று சொல்லிக்கொண்டு பிழைக்கும் வழி தேடாதிருப்பதைத்தான் குறை என்கிறது. அவர் காட்டிய வழி சிவன் திருவடி, மாத்திரையைப் பற்றிப் பேச்சில்லை. ஆனாலும் சும்மா கிடப்பதற்கு அந்தப் பதிகத்தில் இடமில்லை.

பிறப்புக்கு முந்திய கணக்கு ஒன்று மருத்துவத்திலும் உண்டு. 1944–45 பஞ்சத்தில் தாய் வயிற்றில் பட்டினி கிடந்த நெதர்லாந்துப் பிள்ளைகளுக்கு, ஐம்பது வயதில் இரத்தச் சீனியைக் கட்டுப்படுத்தும் திறன் குறைந்திருந்தது. வயிற்றில் ஊட்டம் போதாததன் ஓர் அடையாளமான எடை குறைந்த பிறப்பு இலங்கையில் தோட்டப்புறத்தில்தான் அதிகம். அப்படிப் பிறந்த உடம்புக்குக் கோதுமை மா ரொட்டியும் சீனி போட்ட தேத்தண்ணியும் தினப்படி. மலை ஏறி இறங்கிக் கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கு நடக்கச் சொல்லவேண்டியதில்லை. ரொட்டியைக் குறைத்து, பருப்பும் கீரையும் கூட்டத்தான் காசு வேண்டும். கிளினிக் போனாலோ அன்றைய பேர், அதாவது நாட்சம்பளம், போய்விடும்.

விரதம் இன்னொரு சிக்கல். இன்சுலின் போட்டுக்கொண்டு கந்தசஷ்டிக்குப் பட்டினி கிடந்தால் சீனி இறங்கி மயக்கம் வரலாம். முன்கூட்டியே டாக்டரிடம் கேட்பது பக்திக்கு இழுக்கல்ல. தீமிதி அதைவிடக் கடினம். நாளான சீனி வருத்தம் பாத நரம்பை மரக்கச் செய்யும். முள் குத்தி இரத்தம் வடிவதைக்கூடக் கண்ணால் பார்த்தே அறியவேண்டிவரும். பக்தி இருந்தால் நெருப்புச் சுடாது என்று நம்புகிற இடத்தில், சுட்டதே தெரியாத காலை என்ன செய்வது?

'மருந்து' அதிகாரத்தில் பெரும்பகுதி சாப்பாட்டைப் பற்றிப் பேசும் வள்ளுவர், கடைசிக் குறளில் மருத்துவத்தை நான்காகப் பிரிக்கிறார்: நோயாளி, மருத்துவர், மருந்து, உடனிருந்து பார்ப்பவர். அரச கிளினிக்கில் மெட்ஃபோர்மின் மாத்திரை இலவசம். நான்காமவர் யார் என்பதைத்தான் இன்னும் யாரும் கேட்கவில்லை. கிளினிக் நாளுக்கும் பேர் போடத் தோட்ட நிர்வாகமும், சர்க்கரைப் பொங்கலோடு அவித்த கடலையும் வைக்கக் கோயில் கமிட்டியும் அந்த இடத்துக்கு வரலாம்.