பதிபெயர்ந்தார் ஒழுக்கம்

பிறந்து வளர்ந்த ஊரை விடுத்து வேற்றூரிற் குடிபுகுவார்க்கு வீடும் உணவும் பற்றிய இடர்கள் சின்னாளில் நீங்கும். ஒழுக்கம் பற்றிய இடர் அங்ஙனம் எளிதின் நீங்குவதன்று. தாம் இதுகாறும் நன்றென்று கொண்டதனை அவ்வூரார் அறியாதிருத்தலையும், தாம் தகாதென்று விலக்கியதனை அவர் பேரன்போடு செய்தலையும் கண்டவழி உள்ளம் திகைக்கும். அத்திகைப்பினால், இவர் நெறியறியார் என்று ஒதுங்கி வாழ்வாரும் உளர். ஊரோடு ஒத்துப்போதலே அறிவு என்று தம் நெறியைக் கைநெகிழ விடுவாரும் உளர். இவருள் யார் கொள்கை சைவ நூற்றுணிபிற்கு இயைவதென்பது ஆராயற்பாலது.

காசிமாநகரை எடுத்துக்கொள்க. சமயம் விசேடம் என்னும் இரு தீக்கையும் பெற்ற தென்னாட்டுச் சைவர் ஒருவர், மகனது உத்தியோகத்தின் பொருட்டு முதுமையில் அங்கே குடியேறுகின்றார் என்று கொள்வோம். தமிழ்நாட்டுச் சிவாலயங்களில் மூலலிங்கத்தைத் தீண்டிப் பூசித்தல் ஆதிசைவராகிய சிவாசாரியர்க்கே உரியது. ஏனையோர் எத்துணைச் செல்வரும் கல்வியாளருமாயினும் தமக்குரிய எல்லையில் நின்றே வழிபடுவர். காசி விசுவநாதர் சந்நிதியிலோ, வெள்ளி வேய்ந்த சதுரக் குழியினுள் எழுந்தருளியிருக்கும் இலிங்கத்தின்மீது கூலியாளும் வணிகரும் மூதாட்டியும் தாமே கங்கைநீர் சொரிந்து, வில்வம் சாத்தி, கையாற்றொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளுதல் வழக்கு. கூட்டம் மிக்க நாள்களிற் காவலர் அதனைத் தடுப்பதுண்டு. ஆயினும் அந்நகரத்தார் நெஞ்சிற் பதிந்த வழக்கு அதுவே.

இதனோடு ஒழிந்ததா? மாதக் கணக்கும் வேறாகின்றது. தமிழ்நாட்டார் ஞாயிற்றின் செலவு பற்றி மாதம் எண்ணுவர். காசியார் பௌர்ணமியில் மாதத்தை முடிப்பர். நம்மவர் மாசி மாதத்துச் சிவராத்திரி என்பதனை அவர் பால்குன மாதத்ததென்பர், இரவு ஒன்றே. கார்த்திகைச் சோமவாரம் நோற்ற முதியவர்க்குச் சிராவண மாதத்துச் சோமவாரத்தில் ஊரே திரண்டு நீர்க்குடம் சுமந்து செல்லுதல் புதுமையாகத் தோன்றும். இவை சிறியன. கேதாரகட்டத்தை அடுத்து வங்காளிகள் மிக்கு வாழும் தெருக்கள் உள்ளன. அங்கே அண்டைவீட்டு அந்தணர் காலையில் சிவபூசை செய்து, நண்பகலில் மீனுண்பர். சைவம் என்னும் சொல்லுக்கே புலாலில்லா உணவு என்று பொருள்கொள்ளும் நாட்டினின்று சென்றார்க்கு இஃது எத்துணை நடுக்கம் தருமென்பது சொல்லவேண்டா.

இனி, இந்நடுக்கம் எதனின்று எழுகின்றது என்று நோக்குதல் வேண்டும். உயிர் சார்ந்ததன் வண்ணமாம் இயல்பினது என்பது சித்தாந்தம். செம்மலரை அடுத்த படிகம் செம்மை காட்டும். நீலத்தை அடுத்தது நீலங் காட்டும். ஆகலின், புதிய சார்பினால் தம் நிலை திரியுமோ என்று அஞ்சுதல் பொருத்தமான அச்சமே. ஆனால் அவ்வச்சமுடையார் ஒன்றனை மறந்துவிடுகின்றனர். பழைய ஊரில் வாழ்ந்த அறுபது யாண்டும் அப்படிகம் நிறமின்றி இருந்ததா? தெருவின் நிறம், உறவினரின் நிறம், ஊரார் புகழ்ச்சியின் நிறம் ஆகிய எல்லாம் அதன்கண் ஏறியிருந்தன. அந்நிறங்களையும் தீக்கையாற் பெற்ற நெறியையும் வேறு பிரித்தறிய அங்கே அவருக்கு ஒருபோதும் நேர்ந்ததில்லை, காசியில் நேருகின்றது. எல்லாரும் நீறு பூசும் தெருவில் நீறு பூசுதற்கு உரம் வேண்டுவதில்லை. அனுட்டானமும் ஐந்தெழுத்தும் புலாலுண்ணாமையும் எவ்வூரினும் தம்முடன் வருவன. காண்பார் ஒருவரும் இல்லாத இடத்தும் அவற்றை ஒருவர் வழுவாது செய்வரேல் அவை அவருடையன ஆகும். திருவிழாவில் இன்ன இடத்தில் நிற்பேன், இன்ன முறையிற் பிரசாதம் பெறுவேன் என்பவற்றை இழந்து வருந்துவரேல், அவ்வருத்தம் சிவத்தைப் பற்றியதா, ஆணவத்தைப் பற்றியதா என்று அவரே தம்மை வினவிக்கொள்ளக் கடவர்.

இலிங்கத்தைத் தீண்டுதல் பற்றிய ஐயம் சிறிது விரித்துரைக்கத் தக்கது. பரார்த்தபூசை ஆதிசைவர்க்கே உரியதென்பது சிவாகமத் துணிபாதலின், காசியிலும் தீண்டலாகாது என்பர் ஒரு சாரார். விசேடதீக்கை பெற்றவர் தம் இல்லத்தில் ஆன்மார்த்த இலிங்கத்தை நாடோறும் தம் கையாலேயே தீண்டிப் பூசிக்கின்றார். தீண்டுதல் அவருக்குப் புதிதன்று, இடமே புதிது. திருக்கோயிலின் முறை அத்திருக்கோயிலைச் சார்ந்தது. அதனை வகுத்தற்கோ மாற்றுதற்கோ வந்து குடியேறியவர் உரியரல்லர். ஆகலின் அங்குள்ளார் செய்யுமாறு அவரும் நீர்சொரிந்து தொழுதால் குற்றமாகாது. உள்ளம் கூசித் தீண்டாது நின்று தொழுதாலும் குற்றமாகாது. குற்றமாவது யாதெனின், தீண்டித் தொழுவானைக் கண்டு நெறியறியாதான் என்று நெஞ்சினுள் இகழ்தல். அஃது அடியாரை இகழ்தலாய் முடியும். அதற்குக் கழுவாய் தேடுதல் எளிதன்று. மீனுண்ணும் அண்டைவீட்டார் திறத்தும் இதுவே கொள்க. அவர் விருந்துக்கழைப்பின், தாம் உண்ணாமையை மென்மையாகச் சொல்லிக் கனியும் பாலும் ஏற்பது தகும். அவருடைய பூசையைப் பொய்யென்பது தகாது.

நமிநந்தியடிகள் வரலாறு இவ்விடத்து எண்ணத்தக்கது. ஏமப்பேறூரில் வாழ்ந்த அவ்வந்தணர், பங்குனி உத்திரத் திருவிழாவில் ஆரூர்ப்பெருமான் திருமணலிக்கு எழுந்தருளியபோது உடன்சென்றார். அங்கே எல்லாச் சாதியாரும் கலந்து வந்தனர். இரவில் ஊர் மீண்டவர், தீட்டுற்றதாக எண்ணி, மனைக்குட் புகாது புறத்தே துயின்றார். திருவாரூரிற் பிறந்தாரெல்லாரும் நம் கணங்கள் என்று இறைவன் கனவில் உணர்த்தினான். மறுநாள் அடிகள் ஆரூர் சென்று, அவ்வூரார் அனைவரையும் சிவவடிவினராகக் கண்டு வணங்கினார். பின்னர்த் தம் ஊரைவிட்டு அத்திருவாரூரிலேயே குடிபுகுந்தார். இதனுட் கருதற்பாலது ஒன்றுண்டு. அடிகள் தம் பூசையையும் ஆசாரத்தையும் விட்டாரென்று புராணம் கூறவில்லை. தீட்டு என்று கண்ட கண்ணே மாறிற்று.

அற்றேல், ஊர்வழக்கு எதுவாயினும் தலைவணங்கி ஏற்றல் வேண்டுமோ எனின், வேண்டா. பல நூல் கற்றும் உலகத்தோடு பொருந்த ஒழுகுதலைக் கல்லாதார் அறிவிலாரே என்று ஒழுக்கமுடைமை அதிகாரத்து இறுதியில் வள்ளுவர் கூறியது உண்மை. ஆயினும் உலகம் என்றது உயர்ந்தோரை. வழக்கென்பதும் உயர்ந்தோர் மேற்று என்பது தொல்காப்பியர் மரபியலிற் கண்ட முடிபு. அக்குறளுக்கு உரைகண்ட பரிமேலழகர், அறநூல் சொல்லியவற்றுள்ளும் காலத்திற்கு ஏலாதன ஒழிதலும், சொல்லாதவற்றுள் ஏற்பன கொள்ளுதலும் அவ்வொழுக்கத்துள் அடங்குமென்றார். பழமை ஒன்றே ஒரு வழக்கிற்குச் சான்றாகாது. அடியாரை வாயிலிலேயே நிறுத்திய வழக்கும் பன்னூறாண்டு பழமை பேசியதுதான். 1939-ஆம் ஆண்டு சூலை 8-ஆம் நாள் மதுரை மீனாட்சியம்மன் திருக்கோயிலில் அது நீங்கிற்று. அதனால் அம்மையின் சாந்நித்தியம் குறைந்ததென்பார் இன்று எவருமிலர். உயிரை வருத்துவதும், அன்புடையாரைப் புறந்தள்ளுவதும் எவ்வூர் வழக்காயினும் குடியேறினார் அதற்கு உடன்படற்க. ஏனையவற்றில் புதியவர் பேச்சைக் குறைத்துக் கண்ணை மிகுத்தல் நலம். வந்த மூன்றாம் நாளே ஊரைத் திருத்தப் புகுவாரினும் தொல்லை தருவார் வேறிலர்!

காசியிற் குடியேறியவருள் தமிழர்க்கு முன்மாதிரியாக விளங்குபவர் குமரகுருபர அடிகள். திருவைகுண்டத்திற் பிறந்து, தருமபுரத்தில் மாசிலாமணி தேசிகர்பால் உபதேசம் பெற்ற அவர், காசியை அடைந்து முதலில் நாடியது அந்நாட்டு மொழியைப் பேசும் ஆற்றல் என்றும், அதன்பொருட்டே கலைமகளைச் சகலகலாவல்லி மாலையாற் பரவினாரென்றும் மரபு கூறும். அம்மொழியிற் பேசினார், தமிழிற் காசிக்கலம்பகம் பாடினார், கேதாரகட்டத்தில் மடம் நிறுவினார். இவற்றுள் ஒன்று மற்றொன்றைத் தடுக்கவில்லை. அந்நகரில் நிறுவப்பெற்ற நாட்டுக்கோட்டை நகரச் சத்திரத்தினின்று விசுவநாதர் பூசைக்குரிய பொருள்கள் நாடோறும் "சம்போ மகாதேவா" என்னும் முழக்கத்தோடு சென்று வருகின்றன. பூசையின் முறை காசியினது. சுமந்து செல்லும் அன்பு தென்னாட்டினது.

காசியிலிருந்து இராமேச்சுரத்திற்குக் கங்கைநீர் கொணரும் வடநாட்டார் பலர். தம் ஊரில் தம் கையாலேயே நீராட்டிப் பழகிய அவர், இங்கே அர்ச்சகர் கையிற் செம்பைக் கொடுத்துவிட்டு எட்டத்தில் நிற்கின்றனர். ஏன் தாமே ஆட்டலாகாது என்று முதலில் வினவுவாரும் உளர். விடை கேட்டபின் அமைகின்றனர். அந்நீர் இராமநாதர் திருமுடிமேற் சொரியப்படும்பொழுது அவர்தம் கண்ணிலும் நீர் சொரிகின்றது.