தானே ஆறும் சடப்பொருள்

அறுபட்ட பின் மறுபடி ஒட்டிக்கொள்ளும் பல்பகுதியங்கள், அதாவது பாலிமர்கள், தோலில் ஒட்டும் உணரிகளுக்கும் இழுபடும் இலத்திரனியல் கருவிகளுக்குமாக ஆய்வுகூடங்களில் உருவாகி வருகின்றன. ஓயாமல் வளைந்து கிழியும் இடத்தில், தன் பழுதைத் தானே சீராக்கும் பொருள் தேவைப்படுகிறது. இப்பொருள் சைவ சித்தாந்தத்தின் பழைய வழக்கொன்றுக்குப் புதிய சாட்சியாக வந்து நிற்கிறது. அறிவில்லாத சடம், செலுத்துவோர் எவருமின்றி ஒரு பயனை நோக்கித் தொழிற்படுமா என்பதே அந்த வழக்கு.

2008இல் பாரிஸில் லுட்விக் லைப்லரின் குழு, கொழுப்பமிலங்களையும் யூரியாவையும் கொண்டு ஓர் இறப்பரைச் செய்தது. சிறு மூலக்கூறுகளை ஐதரசன் பிணைப்புகள் கோத்து வைத்திருக்கும் பொருள் அது. கத்தி பட்டால் அறுவது பெரும்பாலும் அந்த மெலிந்த பிணைப்புகளே. துணையிழந்த முனைகள் வெட்டுமுகத்தில் நிற்கும். இரு முகங்களையும் அறை வெப்பநிலையில் சேர்த்து அழுத்தினால் எதிர்ப்பக்கத்தில் துணை கண்டுகொள்ளும். நெடுநேரம் பிரிந்தே கிடந்தால் கதை வேறு. முனைகள் தம் பக்கத்திலேயே துணை தேடிக்கொள்வதால், பிறகு சேர்த்தாலும் முன்போல ஒட்டுவதில்லை. 2012இல் ஸ்டான்போர்டில் செனான் பாவோவின் குழு இவ்வகைப் பொருளில் நிக்கல் துகள்களைக் கலந்து மின்சாரம் கடத்தச் செய்தது. வெட்டிச் சேர்த்த 15 வினாடிகளில் கடத்துதிறன் சுமார் 90 சதவீதம் மீண்டது. இழுவலிமை மீளச் சுமார் 10 நிமிடம் பிடித்தது.

அந்த வழக்கில் செலுத்துவோர் வேண்டாம் என்று வாதிடும் சாங்கியத் தத்துவத்தினர் இதைப் பார்த்திருந்தால் விட்டிருக்கமாட்டார்கள். கன்று வளர்வதற்காக அறிவற்ற பால் சுரப்பதுபோல உலகின் மூலச்சடமான மூலப்பிரகிருதி தானே இயங்கும் என்பது அவர்கள் வாதம். சுரப்பது உயிருள்ள பசு அல்லவா என்று எதிர்த்தரப்பு அதை எளிதில் மடக்கிவிடும். இந்த இறப்பரில் பசுவும் இல்லை, உயிரும் இல்லை. சாங்கியருக்குப் பாலைவிட நல்ல சான்று. சித்தாந்தியோ மண் முதற்காரணம், திரிகை துணைக்காரணம், குயவன் நிமித்தகாரணம் என்று வகுத்தவர். மெய்கண்டாரின் சிவஞானபோதம் முதற் சூத்திரத்திலேயே உலகுக்கு ஒரு கருத்தா உண்டென நிறுவப் புகுகிறது. பொருளை வடிவமைத்த வேதியியலாளரே குயவன் என்று இந்தத் தரப்பு சொல்லக்கூடும். அந்தப் பதில் போதாது. ஐதரசன் பிணைப்பு எந்த வேதியியலாளரும் பிறக்குமுன்பே தண்ணீரில் இருந்தது.

சித்தாந்தியின் கை ஓங்கும் இடம் வேறு. வெட்டு யாருக்குக் காயம்? மூலக்கூறுக்கு ஒரு துணை போய் இன்னொன்று வந்தது, அவ்வளவே. எதிர்ப்பக்கத் துணையும் தன் பக்கத் துணையும் அதற்கு ஒன்றுதான். முதலாவதை ஆறுதல் என்றும் இரண்டாவதைப் பழுது என்றும் பிரிப்பது, அதனால் பயன்கொள்ளும் அறிவு. மின்சாரம் மீண்டதும் ஆறிவிட்டது என்பதா, வலிமை மீளும்வரை பொறுப்பதா என்பதையும் இறப்பர் தீர்மானிப்பதில்லை. சடம் இயங்கலாம், இயக்கத்தைப் பயனாகக் காண்பதற்கு உயிர் வேண்டும்.

திருகோணமலைத் துறைமுகத்தின் ஓரத்தில் இதே கேள்வி கல்லில் நிற்கிறது. சுவாமி மலையில் இருந்த கோணேசர் கோயிலைப் போர்த்துக்கேயர் 1622இல் இடித்ததாகக் கோயில் வரலாறு சொல்லும். இடித்த கற்கள் கோட்டைக்குப் போயின. இன்று பிரெட்ரிக் கோட்டை எனப்படும் அதன் வாயிலில், தமிழ் எழுத்தும் பாண்டியரின் இணைக்கயலும் பொறித்த கல்லைக் கோயிலுக்குப் போகிறவர்கள் இப்போதும் பார்க்கலாம். கட்டுமானத்தின் கணக்கில் அக்கல்லுக்கு ஒரு குறையும் இல்லை: சுவரில் பாரம் தாங்கியது, இன்னொரு சுவரில் தாங்குகிறது. குறை, வாசலில் நின்று அதைப் படிப்பவருக்குத்தான்.

கோயில் தானே ஆறவில்லை. 1950இல் நகரசபையினர் கிணறு தோண்டியபோது சோமாஸ்கந்தர் முதலிய செப்புத் திருமேனிகள் வெளிப்பட்டன. 1956இல் மூழ்காளர் மைக் வில்சனும் எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் மலையடிக் கடலில் மூழ்கிப் பழைய கோயிலின் தூண்களையும் செதுக்கிய கற்களையும் கண்டனர். 1963இல் புதுக்கோயிலுக்குக் கும்பாபிஷேகம் நடந்தது.

பழைய கல் பெரிதும் இல்லாத அது பழைய கோயில்தானா? இதை ஆகம மரபு கல்லை எண்ணித் தீர்ப்பதில்லை. திருப்பணிக்கு முன் இறைசாந்நித்தியத்தைக் கும்பநீருக்கு மாற்றிப் பாலாலயம் என்னும் தற்காலிகக் கோயிலில் வைத்து, வேலை முடிந்தபின் மூர்த்தியில் சேர்ப்பார்கள். தொடர்ச்சி அந்தக் கும்பத்தின் வழியே போகிறது. 1622இல் கும்பம் வைக்க அவகாசம் இருந்திருக்காது. மரபுக்கு இந்த நிலையும் தெரியாததல்ல. சிதிலம் திருத்திச் செய்வதைப் புனராவர்த்தம் என்றும், பூசை நின்று ஆற்றாலோ கடலாலோ அழிந்ததைப் புதிதாக எழுப்பிச் செய்வதை அநாவர்த்தம் என்றும் கும்பாபிஷேகத்தை அது பிரித்தே வைத்திருக்கிறது. முதலாவது ஆறிய உடம்புக்கு, இரண்டாவது மறுபடி எடுத்த உடம்புக்கு. உரிய நேரத்தில் சேர்த்த இறப்பர் முதல் வகையில் அடங்கும். பிரிந்தே கிடந்து, முனைகள் வேறிடத்தில் துணை கொண்டபின் உருக்கி வார்க்கப்படும் இறப்பரும், மூன்று நூற்றாண்டுக்கு மேல் கற்கள் கோட்டைச் சுவரிலும் கடலடியிலும் கிடந்த கோணேசர் கோயிலும் இரண்டாம் வகை.