இவருக்குப் பதில் இவர்

எங்கள் உறையூர் வீட்டில் சீரியல் பார்ப்பது அம்மாவின் வேலை, அதைத் திட்டுவது அப்பாவின் வேலை. இரண்டும் ஒரே சோபாவில் ஒரே நேரத்தில் நடக்கும். "ஒரு லெட்டரைப் பிரிச்சுப் படிக்க ஒரு வாரமாடா?" என்று அப்பா டிவியைப் பார்த்துக் கேட்பார். "செத்த சும்மா இருங்களேன்" என்பாள் அம்மா. நான் இருவருக்கும் பிறந்தவன். பார்க்கவும் செய்வேன், திட்டவும் செய்வேன்.

சீரியல் பார்ப்பேன் என்று சொன்னால் நண்பர்கள் "அம்மாவுக்குத் துணைக்குத்தானே?" என்று தப்பிக்க வழி காட்டுவார்கள். எனக்கு அது வேண்டாம். கார் ஓட்டும் முத்துவும் பூக்கட்டும் மீனாவும் சண்டை போட்டுச் சமாதானமாகிற இடங்களுக்காகவே 'சிறகடிக்க ஆசை' பார்க்கத் தொடங்கினேன். 'வைதேகி காத்திருந்தாள்' எடுத்த ஆர். சுந்தர்ராஜன் அதில் முத்துவின் அப்பா அண்ணாமலை. எல்லோரும் கத்துகிற வீட்டில் குரலை உயர்த்தாத ஒரு மனுஷன் இருப்பது எவ்வளவு ஆறுதல் என்பது அவரைப் பார்த்தால் தெரியும். ஆனால் அந்த வீட்டு இன்னொரு மருமகள் ரோகிணியின் ரகசியத்தை இழுத்த இழுப்பை மன்னிக்க மாட்டேன். ஒரு முகத்தை மூன்று முறை ஜூம் பண்ணிக் காட்டுகிறவர்களையும்தான்.

சீரியலில் என்னை யோசிக்க வைப்பது கதை இல்லை, அந்த அட்டை. ஒருவர் விலகிப் புதிதாக ஒருவர் வரும்போது திரையின் கீழே சில நொடி ஓடுமே, 'இவருக்குப் பதில் இவர்' என்று. நேற்றுவரை வேறு முகத்தோடு காபி போட்ட மருமகள் இன்று புது முகத்தோடு வந்து நிற்பாள். மாமியார் ஆச்சரியப்பட மாட்டார். புருஷன் "நீ யார்?" என்று கேட்க மாட்டான். 'பாண்டியன் ஸ்டோர்ஸ்' முல்லையாக அடுத்தடுத்து மூன்று பேர் வந்தார்கள். கடை, வீடு, புருஷன் கதிர் எல்லாம் அப்படியேதான். நமக்கும் கொஞ்ச நாள் உறுத்தும், பிறகு பழகிவிடும். அந்தப் பழக்கம்தான் எனக்குப் பயமாக இருக்கிறது.

காமெடியில் இது நடக்காது என்று வெகுநாள் வாதாடிக்கொண்டிருந்தேன். அழுகையை யார் வேண்டுமானாலும் அழலாம், ஒரு வரியை எங்கே நிறுத்தி எங்கே விடுவது என்பது அந்த ஆளோடு பிறந்தது. 'சின்ன பாப்பா பெரிய பாப்பா'வின் பட்டாபியை எம். எஸ். பாஸ்கர் இல்லாமல் நினைத்துப் பாருங்கள். 'பார்க்கிங்' படத்துக்காக அவருக்குத் தேசிய விருது வந்தபோதும் எங்கள் வீட்டில் "பட்டாபிக்கு அவார்டாம்" என்றுதான் பேச்சு. என் வாதத்தை உடைத்தவள் அம்மா. கே. பாலசந்தரின் மின்பிம்பங்கள் தயாரித்து நாகா இயக்கிய 'ரமணி வெர்சஸ் ரமணி'யில் முதல் ஜோடி பிருத்விராஜும் வாசுகியும், அடுத்த பாகத்தில் ராம்ஜியும் தேவதர்ஷினியும். "ரெண்டையும் பார்த்து விழுந்து விழுந்து சிரிச்சவன்தானே நீ?" என்றாள். ஆமாம், சிரித்தேன்.

எல்லாம் சேர்ந்து குழம்பியது 2023 செப்டம்பர் 8 அன்று. 'எதிர்நீச்சல்' தொடருக்கு டப்பிங் பேசிக்கொண்டிருந்தபோது நடிகர் மாரிமுத்துவுக்கு நெஞ்சுவலி வந்தது. அன்றே போய்விட்டார். 'கண்ணும் கண்ணும்', 'புலிவால்' என்று இரண்டு படம் இயக்கியவரை ஊர் கவனித்தது ஆதி குணசேகரனாக வந்த பிறகுதான். வீட்டுப் பெண்களை மிதிக்கிற பாத்திரம் அது. அப்பாவுக்கு அந்த ஆளைக் கண்டாலே ஆகாது, ஆனால் அடுக்களையைப் பார்த்துக் குணசேகரன் பாணியில் "இந்தாம்மா ஏய்" என்று கூப்பிட்டு அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொள்வார். செய்தி வந்த அன்று இரவு அவர் ஒரு வார்த்தை பேசாமல் முழு எபிசோடையும் பார்த்தார்.

குணசேகரன் வீட்டில் இல்லாமலே கதை சில நாள் ஓடியது. பிறகு எழுத்தாளர் வேல ராமமூர்த்தி வந்தார், 'குற்றப் பரம்பரை' எழுதியவர். மீசை, குரல், மிடுக்கு எதிலும் குறை இல்லை. அப்பா இரண்டு நாள் பார்த்துவிட்டு, "இவர் நிஜமாவே கோபக்காரர். அவன் கோபத்துல ஒரு நக்கல் இருந்துச்சு" என்றார். இத்தனை வருஷத்தில் நான் கேட்ட நல்ல விமர்சனம் அது. பாத்திரத்தை இன்னொருவரிடம் ஒப்படைக்கலாம், நக்கலை எப்படி ஒப்படைப்பது?

அடுத்த தை மாதம் அப்பா போனார். பதினாறாம் நாள் காரியம் முடியும்வரை டிவி போடவில்லை. முடிந்து போட்டால், விட்ட இடத்திலிருந்து கதை நாலு அடிகூட நகரவில்லை. அவர் இருந்திருந்தால் அதற்கே ஒரு மணி நேரம் பேசியிருப்பார்.

வீட்டில் அவர் பார்த்த வேலைகள் ஒரு மாதத்தில் பங்காகிவிட்டன. பால் பாக்கெட் எனக்கு, கரண்ட் பில் தங்கைக்கு, மோட்டார் நிறுத்துவது மாடியில் குடியிருப்பவர்களுக்கு. இவ்வளவு சுலபமா என்று வருத்தமாகக்கூட இருந்தது. திட்டுகிற வேலைக்கு மட்டும் ஆள் வரவில்லை. நான் ஒன்றிரண்டு முறை முயன்றேன், எடுபடவில்லை. அந்த ஆண்டு ஜூனில் 'எதிர்நீச்சல்' முடிந்தது, டிசம்பரில் 'எதிர்நீச்சல் தொடர்கிறது' என்று மறுபடி வந்தது. கதாநாயகி ஜனனியாக நடித்தவரும் மாறியிருந்தார். அதைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு இரவில், யாரோ கதவைத் திறக்கப் போய்த் திறக்காமல் நிற்க, "திறந்து தொலையேண்டா, மழைக்கா காத்திருக்க?" என்றாள் அம்மா. அப்பாவின் அதே ராகம். சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பவில்லை.

சேனல்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். 'இவருக்குப் பதில் இவர்' என்று போடும்போது போனவர் பெயரையும் போடுங்கள். இன்னும் ஐந்து நொடி நிற்கட்டும், எழுத்தும் கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும். அம்மாவுக்கு ஒரு கண்ணில்தான் ஆபரேஷன் ஆகியிருக்கிறது.