பெட்டியில் உறங்கும் பணம்

வட்டி ஹராம் என்பதில் நமக்குள் கருத்து வேற்றுமை இல்லை. ஆனால் வட்டிக்கு அஞ்சி வங்கிப் பக்கமே போகாத ஏழையின் சேமிப்புக்கு யார் பொறுப்பு என்பதை நாம் சிந்தித்திருக்கிறோமா?

விலைவாசியை அடக்க ரிசர்வ் வங்கி கையாளும் முதற் கருவி வட்டி விகிதமே. 2022 ஏப்ரலில் சில்லறை விலையேற்றம் 7.79 சதவீதத்தைத் தொட்டது. வங்கிகளுக்குத் தான் கொடுக்கும் கடனின் வட்டியை, அவ்வாண்டு மே முதல் 2023 பிப்ரவரிக்குள் 4 சதவீதத்திலிருந்து 6.5 சதவீதமாக அது உயர்த்தியது. வங்கியில் பணம் போட்டவருக்கு வட்டி படிப்படியாகக் கூடியது. இழந்ததில் ஒரு பகுதி ஈடாயிற்று. அரிசிப் பானைக்குள் பணத்தை முடிந்து வைத்த விதவைத் தாய்க்குக் கிடைத்ததோ விலையேற்றம் மட்டுமே.

கொள்கை முழு வெற்றி பெற்றாலும் அவர் நிலை மாறாது. 2016இல் வகுத்த இலக்கே 4 சதவீத விலையேற்றம்தான். அந்த அளவில் நின்றாலும், அவருடைய 10,000 ரூபாய் ஐந்தாண்டு கழித்து இன்றைய மதிப்பில் சுமார் 8,220 ரூபாய்ச் சரக்கைத்தான் வாங்கும்.

அல்லாஹ்வுக்காக ஏற்ற இழப்புக்கு மறுமையில் கூலி உண்டு, ஐயமில்லை. ஆனால் அதை அவருக்குச் சொல்லிவிட்டு நாம் ஒதுங்கலாமா? நம்மில் வசதியுள்ளோரும் வட்டியை விலக்குகிறோம். ஆயினும் நிலமும் நகையும் கடைச்சரக்கும் வாங்கித் தப்பிக்கொள்கிறோம். ஒரே கட்டளைக்குப் பணிந்த இருவரில் சுமை ஏழையின் தலையில் மட்டும் விழுவது நீதியாகுமா?

மார்க்கம் வட்டியைத் தடுத்தது. பணத்தை உறங்க வைக்கச் சொல்லவில்லை. கைம்பெண்ணாயிருந்த கதீஜா (ரலி) அவர்களின் சரக்கை, நபித்துவத்துக்கு முன்பே நாயகம் (ஸல்) அவர்கள் ஷாம் தேசத்துக்குக் கொண்டு சென்று வாணிபம் செய்தார்கள். ஒருவர் முதல், மற்றவர் உழைப்பு, இலாபத்தில் இருவருக்கும் பங்கு: முளாரபா என்பது இதுவே.

வியாபாரத்தில் நட்டமும் வரும். ஹலால் என்ற பெயரால் ஏமாற்றியோரும் உண்டு. எனவே அன்றாடச் செலவுக்கான பணத்தை இதில் இறக்கக் கூடாது. நாட்டுச் சட்டத்துக்குட்பட்ட எழுத்து ஒப்பந்தமும், சாட்சியும், ஆண்டுதோறும் கணக்கும் வேண்டும். அவசரத்துக்கு உதவப் பைத்துல்மாலில் வட்டியில்லாக் கடன் இருக்க வேண்டும்.

2008இல் ரகுராம் ராஜன் குழு வட்டியில்லா வங்கிச் சேவையைப் பரிந்துரைத்தது. அதைத் தொடர்வதில்லை என 2017இல் ரிசர்வ் வங்கி முடிவு செய்தது. அந்தக் கதவு மூடியிருப்பது நமக்குச் சாக்காகாது. நம் மஹல்லாவின் நாணயமான வியாபாரி ஒருவர் ஒரு விதவையின் முதலை அமானிதமாக ஏற்க, இன்றும் தடையில்லை. அந்த எண்ணத்தை வல்ல அல்லாஹ் நம் உள்ளங்களில் போடுவானாக! ஆமீன்.