காயடித்த பன்றியும் முதற்சீலமும்

உயிர்க்கொலை தவிர்த்தல் முதற்சீலம் என்பதை நாமனைவரும் அறிவோம். ஆயின், பிறர் அறுத்தெறிந்ததை எடுத்து ஆராய்வோனை அச்சீலம் தொடுமா என்னும் வினா எளிதில் விடைபெறுவதன்று.

பெங்களூர் ஆடுகோடியில் 1995 முதல் இயங்கிவரும் தேசிய விலங்கு ஊட்டவியல், உடலியல் நிறுவனம் ஆண் விலங்குகளின் இனப்பெருக்கத்தையும் ஆராய்கிறது. இத்துறையினர் பல நாடுகளில் பன்றியின் விரையை நாடுகின்றனர். விரையினுள் விந்துக்கு மூலமான அணுக்களும், அவற்றைச் செவிலிபோற் பேணும் உடலணுக்களும் கலந்துள்ளன. செர்டோலி என்னும் இத்தாலியர் 1865இல் விவரித்த அணு பிந்திய வகையைச் சேர்ந்தது. இவற்றைப் பிரித்து இன்னது இன்னதென அடையாளங் காண்பதே முதல் வேலை. 1994இல் அமெரிக்காவில் ஓர் எலியின் மூல அணுக்களை மலட்டெலியின் விரையிற் செலுத்தி, விந்து உண்டாகக் கண்டனர். உடலமைப்பில் எலியினும் பன்றி மனிதனுக்கு அணித்து. ஆதலின், புற்றுநோய்ச் சிகிச்சையால் மகப்பேற்றை இழக்கும் சிறுவர்க்கு இவ்வறிவு ஒருநாள் உதவுமென நம்புகின்றனர். இதனை நாம் சிறிதென எண்ணோம்.

ஆராய்வோர்க்கு விரை எங்கிருந்து வருகிறது? இறைச்சிக்கூடத்திலிருந்தும், காயடிக்கப்பட்ட குட்டிகளிடமிருந்தும் வருகிறது. கடுவனின் இறைச்சி நாறுமென்று பண்ணையார் காயடிக்கின்றனர், ஆராய்ச்சிக்காக அன்று. 1960ஆம் ஆண்டு விலங்குவதைத் தடைச்சட்டம் விதித்த முறைப்படி செய்யும் காயடிப்புக்கு விலக்களித்தது. 2023இல் வந்த விதிகளோ கால்நடை மருத்துவரும் மயக்கமருந்தும் வேண்டுமென்கின்றன. ஏட்டு விதி பண்ணைக் கத்திவரை எட்டுகிறதா என்பது வேறு.

ஜீவகன் என்னும் மருத்துவனுக்குப் பகவான் உரைத்ததைச் சிலர் இங்கே எடுத்துக்காட்டுவர். தன்பொருட்டுக் கொன்றதாகக் காணாத, கேளாத, ஐயுறாத ஊனைப் பிக்கு ஏற்கலாம் என்பது அது. குட்டி தனக்காக அறுக்கப்படவில்லையே, ஆராய்வோன்மேல் பழியேது என்பர். பாதிவழி நாமும் உடன்படுகிறோம். ஆனால் பாத்திரமேந்துவோன் இத்தனை நாட் குட்டி வேண்டும், அறுத்தவுடன் பனிக்கட்டியில் வை என்று முன்னரே சொல்லியனுப்புவதில்லை. ஆராய்வோன் சொல்லியனுப்புகிறான். சேதனையே கர்மமென்றால், சொல்லியனுப்பும் அந்நொடியில் அவன் வெறும் ஏற்போன் அல்லன். பன்றியை இழிபிறப்பெனத் தள்ளி இக்கணக்கைத் தீர்க்க முயல்வாரும் உளர். பிறப்பால் இழிவு சுமத்தப்பட்ட நமக்கு அவ்வழி ஆகாது.

ஆராய்ச்சியை விடுக என்று நாம் கூறவில்லை. பண்ணையாரிடம் குட்டியின் வயதைக் குறிக்கும் கடிதத்திலேயே, மயக்கமருந்து இட்டு அறுத்ததையன்றி ஏலேன் என்றும் ஒரு வரி அவன் எழுதலாம். அவ்வரியை எழுதும் ஆற்றல் அக்குட்டிக்கு இல்லை, அவனுக்கு உண்டு.