பத்திரம் யார் பேர்ல சார்?

தெற்கு பிரான்சில் நார்போன் என்று ஓர் ஊர். 1298-ல் பீட்டர் ஜான் ஒலிவி என்ற துறவி அங்கே இறந்துபோனார். இருபது வருஷம் அவர் சமாதியைப் பார்க்க ஜனங்கள் திரண்டு வந்தார்கள். 1318-ல் அதை இடித்துவிட்டார்கள். இடித்தது எதிரி நாட்டுப் படை இல்லை, அவருடைய திருச்சபை!

அப்படி என்ன பண்ணிவிட்டார் மனுஷர்? ஒரு சங்கடமான கேள்வி கேட்டார், அவ்வளவுதான்.

அவர் இருந்தது புனித பிரான்சிஸ் ஆரம்பித்த சபையில். 'எதுவும் எங்களுக்குச் சொந்தமில்லை' என்று சத்தியம் செய்தவர்கள். சரி, தங்கியிருக்கிற மடம்? புத்தகம்? சாப்பாடு? அதற்கு ஒரு வழி கண்டுபிடித்திருந்தார்கள். சொத்துரிமை போப்பாண்டவர் பெயரில், அனுபவிப்பது மட்டும் துறவிகள். நம் பாஷையில் சொன்னால், கிட்டத்தட்ட பினாமி.

'பெயர் மட்டும் வேறொருவருடையது, வசதி பூராவும் உன்னுடையது என்றால் அது என்ன ஏழ்மை?' என்றார் ஒலிவி. உரிமையை விட்டால் போதாது, உபயோகத்தையும் குறைக்க வேண்டும் என்பது அவர் கட்சி.

எதிர்த்தரப்பு ஒன்றும் முட்டாள்கள் இல்லை. 'எவ்வளவு குறைக்கணும்? ஒரு கவளம் கூடிப்போனால் சத்தியம் போச்சா?' என்று மடக்கினார்கள். துல்லியமாக அளக்க முடியாதுதான், ஆனால் அப்பட்டமாக எல்லை மீறினால் தெரியாமலா போகும் என்றார் இவர். 1283-ல் பாரிஸில் ஏழு பேர் கமிட்டி போட்டு அவர் கருத்துகளில் குற்றம் கண்டுபிடித்தார்கள். அவர் வழியில் பிடிவாதமாக நின்ற நான்கு துறவிகளை 1318-ல் மார்செய் நகரில் எரித்தே விட்டார்கள்.

பணத்தைப் பற்றித் தெரியாத சாமியார் என்று அவரை நினைத்துவிடாதீர்கள். ஒப்பந்தங்கள் பற்றி ஒரு நூலே எழுதியவர். உயிருக்கு அவசியமான தண்ணீர் மலிவு, தங்கம் ஏன் விலை அதிகம்? ஏராளமாகக் கிடைப்பது மலிவு, அரிதாகக் கிடைப்பதற்கு விலை என்றார். இந்த மாதிரிப் புதிரை ஆடம் ஸ்மித் எழுதியது 1776-ல். நான் பி.காம். படித்தபோது ஸ்மித்தைச் சொன்னார்கள், ஒலிவியை யாரும் சொல்லவில்லை. வியாபாரத்தில் இறங்கும் பணத்துக்குள் லாபத்தின் விதை இருக்கிறது என்றும் எழுதினார். பதினைந்தாம் நூற்றாண்டில் சியன்னா நகரத்துப் புனித பெர்னார்தீன் இந்தக் கருத்துகளை எடுத்துக்கொண்டார், பெயர் சொல்லாமல். ஒலிவியின் யோசனைகளும் இன்னொருவர் கணக்கில் ஏறிவிட்டன!

பணத்தின் சூட்சுமம் தெரிந்த ஆள் 'எனக்கு இவ்வளவு போதும்' என்று சொன்னதுதான் விஷயம்.

கார் கம்பெனியுடையது, வீடு மனைவி பெயரில், வெளிநாட்டுப் பயணம் ஆபீஸ் செலவில். 'எனக்குன்னு என்ன சார் இருக்கு?' என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். அவர்கள் சொல்வது பொய்யில்லை, சட்டப்படி. பத்திரத்தில் யார் பெயர் என்பதை வக்கீல் பார்த்துக்கொள்வார். எவ்வளவு போதும் என்பதை யாரிடம் போய்க் கேட்பது?