மூன்றாவது புடவை

ஆடியில் கல்யாணம் இல்லை. ஜவுளிக் கடையில் கூட்டமும் இராது. அந்த மந்தத்தைப் போக்க வியாபாரிகள் கண்ட உபாயமே ஆடித் தள்ளுபடி. நம் ஊரில் மட்டும் தோன்றிய யோசனை அல்ல இது. 1878 ஜனவரியில், கிறிஸ்துமஸ் கழிந்து வியாபாரம் படுத்திருந்த வேளையில், அமெரிக்காவின் பிலடெல்பியாவில் ஜான் வானமேக்கர் என்ற வணிகர் படுக்கை விரிப்புகளை விலை குறைத்து விற்றார். விற்பவர்மேல் குற்றம் சொல்ல நான் வரவில்லை. என் வழக்கு என்னோடுதான்.

சென்ற ஆடியில் மாம்பலம் போய், இரண்டு புடவைக்கு ஒன்று இலவசம் என்று வாங்கி வந்தோம். மூன்றாவதன் நிறம் வீட்டில் யாருக்கும் பிடிக்கவில்லை. "வேலைக்கு வரும் அம்மாளுக்குக் கொடுத்துவிடுவோமே" என்றேன். அந்த அம்மாள் புடவையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். எனக்கு மனம் நிறைந்துவிட்டது. அன்றிரவு நன்றாகத் தூங்கினேன்.

ஒரு வாரம் கழித்து, சம்பளத்தில் இருநூறு ரூபாய் கூட்டித் தரும்படி அவள் கேட்டாள். "அடுத்த மாதம் பார்க்கலாம்" என்றேன். 'இப்போதுதானே புடவை கொடுத்தோம்!' என்று மனசுக்குள் ஒரு முணுமுணுப்பு வேறு.

அந்த முணுமுணுப்புத்தான் என்னைக் காட்டிக் கொடுத்தது. கொடுத்த பிறகு நம்மிடம் ஏதாவது குறைந்தால் அல்லவா அது கொடை? புடவை போனதில் எனக்கு என்ன குறைந்தது? பெட்டியில் கொஞ்சம் இடம் மிஞ்சியது! இருநூறு ரூபாய் என்றதும் கை பின்வாங்கிற்று.

கடைக்காரர் எனக்குச் செய்தது தள்ளுபடி. நான் அவளுக்குச் செய்ததும் தள்ளுபடிதான். தானம் என்று சீட்டு ஒட்டியிருந்தேன், அவ்வளவே. அவராவது தம் சரக்கை உள்ள பெயரில் விற்றார்.